மச்சான் கொடுத்த காரின் பானெட்

பாளையங்கோட்டை,
வெள்ளிக்கிழமை காலை.

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய மச்சான் ஹெப்ரான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை பெர்லினின் கணவன் ஜாபேஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நான், பெர்லின், மணப்பெண் ஜெமிமா மூவரும் தேவகிருபையால் சுகம். அங்கே நீங்களும் பாக்கியவதி அக்காவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். ஏரலில் ஆற்றுக் காற்று உண்டு, வாழைத்தோப்பு உண்டு, நான் பக்கத்தில் இல்லை. மூன்று வருடமாகப் பேசாதவன் திடீரென்று எழுதுகிறானே, ஏதோ உதவி கேட்கப் போகிறான் என்று எண்ணிக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்ள வேண்டாம். நீங்கள் கொடுத்த காரின் பானெட்டை, நீங்கள் இல்லாமல், நான் தனி ஆளாகத் திறந்துவிட்டேன். அதை முறைப்படி உங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை. அதற்காகவே இந்தக் கடிதம்.

அந்த வெள்ளைக் காரை, நீங்கள் சாம்பல் நிறத்தில் புதுக் கார் வாங்கியபோது, தங்கைக்கு என்று சொல்லிக் கொடுத்தீர்கள். 'தங்கைக்கு' என்கிற சொல்லை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்திச் சொன்னீர்கள். சாவியை நீட்டும்போது, "மாப்ளே, பானெட்டு மட்டும் கொஞ்சம் அடம்பிடிக்கும். அதைத் தொறக்க ஒரு பக்குவம் இருக்கு. வாரும்வே, காட்டுதேன்" என்றீர்கள். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறவன். எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவி யாருக்குப் போனது என்பது உங்களுக்குத் தெரியும், ஆகவே அதை இங்கே விரிக்கவில்லை. ஒரு தகடு, ஒரு கொண்டி, கொண்டியை இழுக்க ஒரு கம்பி; இதற்குப் பக்குவம் என்ன வேண்டிக்கிடக்கிறது? "எனக்குத் தெரியும் மச்சான்" என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

அதன்பிறகு உங்கள் சபை அசனம் வந்தது. நான் எழுப்ப விரும்பாத பேச்சு, ஆனாலும் வரிசைப்படி சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில், பரிமாற ஆட்களைப் பிரித்துவிட்டவர் நீங்கள். சாம்பார் வாளியை யாரோ ஒரு உரக்கடைக்காரரிடம் கொடுத்தீர்கள். அவியலை அவருடைய தம்பியிடம். முனைவர் பட்டம் பெற்ற உங்கள் தங்கை கணவனிடம் உப்புத் தட்டைக் கொடுத்தீர்கள். நான் அத்தனை இலையிலும் உப்பு வைத்தேன். ஒருவர்கூட மறுமுறை உப்புக் கேட்கவில்லை. பந்தி முடிந்ததும் நான் உங்களிடம் இரண்டு வார்த்தை கேட்டேன், நீங்கள் திருப்பி நான்கு சொன்னீர்கள், அன்றோடு சரி. இதை நான் மறந்துவிட்டேன் என்பதற்காகத்தான் குறிப்பிட்டேன்.

இப்போது ஜெமிமாவின் கல்யாண அழைப்புக்கு வருகிறேன். நம் குடும்ப வழக்கப்படி தாய்மாமனை அழைக்கக் கணவன் மனைவி இருவருமாக அவர் வீட்டுக்குப் போய், வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபம் செய்து, பத்திரிகையைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. நான் தபாலில் அனுப்பினேன். சாதாரணத் தபால் அல்ல, பதிவுத் தபால். நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி என்னிடம் இருக்கிறது. அதற்கு நீங்கள் ஏரல் சந்தையில் நாலு பேர் நடுவில், "தபால்ல கூப்புட்டான்லா, தபால்லயே வாழ்த்துப் போயிரும்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வாழ்த்து இன்னும் வந்து சேரவில்லை.

பெர்லின் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். கருவேப்பிலையை உருவிக்கொண்டே, "சரி, அண்ணன் வரலன்னா அவன் வண்டியாவது வரட்டும். என் மக அந்த வெள்ளைக் கார்லதான் கோயிலுக்குப் போவா" என்றாள். இரண்டு தெரு தள்ளியிருக்கிற கோயிலுக்கு நடந்தே போகலாம் என்றேன். வாடகைக்குப் பெரிய வண்டி பார்க்கலாம் என்றேன். அவள் அடுத்த கொத்துக் கருவேப்பிலையை எடுத்தாள். ஜெமிமா மட்டும் கதவோரம் நின்று, "கோயில் வாசல்ல கார்க் கதவைத் தொறந்து பொண்ணை இறக்கிவிடுறது மாமாதான? இப்பம் யாருப்பா தொறப்பா?" என்று கேட்டாள். கதவுக்கு உள்பக்கமும் கைப்பிடி இருக்கிறது என்று விளக்கினேன். அவள் உள்ளே போய்விட்டாள். அந்தப் பிள்ளை சின்ன வயதிலிருந்தே விளக்கம் முடிவதற்குள் எழுந்து போகிற வழக்கம் உடையவள்.

புதன்கிழமை வண்டியைக் கோயில்வரை ஓட்டிப் பார்த்தேன். பல மாதம் நிழலில் நின்ற வண்டி ஒழுங்காகவே கிளம்பியது. கோயில் வாசலில் போய் நிறுத்தியபோது முன்பக்கமிருந்து ஆவி வந்தது. கொஞ்சமாக அல்ல, இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி வந்தது. சபைப் போதகரான சேகரத்து ஐயர் ஜன்னலைத் திறந்து பார்த்தார், பிறகு மூடிக்கொண்டார். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. தண்ணீர் ஊற்ற பானெட்டைத் திறக்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற பிடியை இழுத்தேன். 'டொக்' என்று சத்தம் வந்தது. பானெட் அசையவில்லை. மறுபடி இழுத்தேன், மறுபடி 'டொக்'. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "யாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திறக்காமல் இருப்பவர்களை நான் அறிவேன், உங்கள் குடும்பத்திலேயே சிலர் உண்டு. வண்டி ஆறும்வரை காத்திருந்து, மெதுவாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

வியாழக்கிழமை காலை வேலையை அறிவியல் முறைப்படி ஆரம்பித்தேன். கொண்டி இறுகியிருந்தால், மேலிருந்து தகட்டை அமுக்கிக்கொண்டே உள்ளே பிடியை இழுக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். எனவே பெர்லினை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, நான் முன்னால் நின்று இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கினேன்.

"இழுத்தாச்சா?" என்றேன்.

"இழுத்தாச்சு."

"எப்பம்?"

"நீங்க குனிஞ்சப்பமே இழுத்துட்டேன்."

"நான் சொன்ன பெறகுல்லா இழுக்கணும்?"

"நீங்க சொல்லுத வரைக்கும் காத்திருந்தா இந்த வீட்ல எதுதான் நடக்கும்?" என்றாள். அந்தப் பிடியைப் பற்றித்தான் சொல்கிறாளா என்பது எனக்குத் தெளிவாகவில்லை. அடுத்த முறை நான் "இழு" என்று சொன்னபோது அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். யாரிடம் என்று கேட்டேன், "பூக்காரி" என்றாள். பூக்காரியிடம் எதற்கு அவ்வளவு தாழ்ந்த குரல் என்று அப்போது நான் யோசிக்கவில்லை, கையில் வேலை இருந்தது.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக் காசிலிங்கம் அண்ணாச்சி மதில்மேல் தலையை வைத்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் அதன் மேல் ஒரு அடி அடித்தால் சரியாகிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. "சார்வாள், அமுக்கப்பிடாது. நடு மண்டையில ஓங்கி ஒண்ணு போடணும்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் மதிலைச் சுற்றி வந்து போட்டுவிட்டார். பானெட் திறக்கவில்லை. அவர் கை வீங்கியது. பானெட்டின் நடுவில் ஒரு முட்டைக் கரண்டி அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. "பூமாலை வச்சா மறைஞ்சிரும் சார்வாள்" என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி போனார். அந்தப் பள்ளம் நீங்கள் கொடுக்கும்போது இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்ற பள்ளங்கள் எல்லாம் இருந்தன.

பிறகு தேங்காய் எண்ணெயைக் கொதிக்க வைத்து, மருந்துக்கடை ஊசிக் குழலில் ஏற்றி, கொண்டி இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டு, பானெட்டின் இடுக்கு வழியாகச் செலுத்தினேன். கொதித்த எண்ணெய் இஞ்சின்மேல் இறங்கி, வீட்டில் யாரோ பணியாரம் சுடுகிறார்கள் என்று இரண்டு வீட்டுப் பிள்ளைகள் வந்து வாசலில் நின்றன. அதற்குப் பின் தோட்டத்துக் குழாயைக் கொண்டுவந்து, பானெட்டைத் திறக்காமலேயே முன்பக்கக் கம்பித் தடுப்பு வழியாக ரேடியேட்டருக்குத் தண்ணீர் அடித்தேன். ரேடியேட்டர் நன்றாகக் குளித்தது. ஒரு சொட்டுக் குடிக்கவில்லை.

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்குகள் யாருடனும் இப்போது பேச்சு வார்த்தை இல்லை. ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் உண்டு. அதில் ஷேக் மைதீனுடைய காரணம் கொஞ்சம் பழையது என்பதால் அவரை வரச் சொன்னேன். அவர் வண்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். பிடியை ஒரு தடவை இழுத்தார். "சார், ரெண்டு பக்கமும் கடப்பாரை குடுத்து நெம்பிருவோம். அஞ்சு நிமிசம். பானெட்டு கொஞ்சம் வளையும்" என்றார்.

"கல்யாண வண்டிய்யா. கொஞ்சம்னா எம்புட்டு?"

"ஒரு பக்கம் லேசா வாய் தொறந்தாப்ல நிக்கும்."

"பொண்ணு இதுல கோயிலுக்குப் போகணும்."

"பொண்ணு உள்ள பின்னாலதான சார் இருப்பா, பானெட்டு மேலயா இருக்கப்போவுது?" என்றார். அவருடன் பழைய காரணத்தைப் புதுப்பித்துக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

இன்று காலை, யாரையும் கூப்பிடாமல், யார் பேச்சையும் கேட்காமல், தனியாக வண்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முன்பக்கக் கம்பித் தடுப்பின் திருகுகளைக் கழற்றினேன். உள்ளே டார்ச் அடித்தபோது கொண்டி தெரிந்தது. நீண்ட ஸ்க்ரூடிரைவரை இடது பக்கமாகச் சாய்த்து, கொண்டியின் நாக்கைத் தொட்டு, ஒரு நெம்பு நெம்பினேன். பானெட் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு மேலே எழுந்தது. மச்சான், அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். வருடக்கணக்காக நான் கரும்பலகையில் வரைந்து காட்டிய நெம்புகோல், யாருடைய பக்குவமும் இல்லாமல், என் கையில் வேலை செய்தது. ரேடியேட்டரின் மூடியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றினேன். தளும்பும்வரை ஊற்றினேன். பானெட்டை, காசிலிங்கம் அண்ணாச்சி வீட்டுக்குக் கேட்கும்படி, ஓங்கி மூடினேன். கம்பித் தடுப்பைத் திருப்பி மாட்டினேன். இஞ்சினைப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆகவே தெரிவிப்பது என்னவென்றால், திங்கட்கிழமை கல்யாணத்துக்கு வண்டி கோயிலுக்குப் போகும். ஜெமிமா அதில் போவாள். நீங்கள் வர வேண்டும் என்கிற கட்டாயம் எதுவும் இல்லை. வண்டி உங்களுக்குப் பதிலாக வந்து நிற்கும், அது உங்களைவிடக் குறைவாகப் பேசும். நான் ஏரலுக்கு வந்து வாசலில் நிற்பேன் என்று எதிர்பார்க்கிறவர்கள் எதிர்பார்த்துக்கொண்டே இருக்கலாம். என் மனதில் யார்மேலும் வருத்தம் இல்லை. இருந்தவற்றை மேலே எழுதிவிட்டேன்.

அக்காவின் முழங்கால் வலி குறைய ஜெபிக்கிறோம். உங்கள் வாழைக்குக் காற்றடிக்காமல் கர்த்தர் காப்பாராக. உங்கள் களத்தையும் கதவையும் அவர் ஆசீர்வதிப்பாராக. அந்தக் கதவை நான் தட்டப்போவதில்லை என்றாலும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
முனைவர் சா. ஜாபேஸ்

பின்குறிப்பு:

இதை ஏரலில் உங்கள் வீட்டு முன்னறையில், உங்கள் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி மதியம் ஒன்றைத் தாண்டிவிட்டது. காரணம் சொல்கிறேன்.

மேலே கண்ட கடிதத்தை மடித்து உறையில் போட்டு, தபால் தலை எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டேன். தபால் தலைக்குப் பதில் ரேடியேட்டர் மூடி வந்தது. ஊற்றுகிற மும்முரத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று பையில் போட்டிருக்கிறேன். ஓடிப்போய்க் கம்பித் தடுப்பைக் கழற்றி, அதே ஸ்க்ரூடிரைவரை அதே கோணத்தில் கொடுத்து நெம்பினேன். முனை ஒடிந்து உள்ளே விழுந்தது. பானெட் மூடியபடியே இருக்கிறது. இதனால் நெம்புகோல் தத்துவத்துக்கு எந்தக் குறைவும் இல்லை, ஸ்க்ரூடிரைவர் மட்டம்.

கடிதத்தைத் தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வந்து சேராது என்று தோன்றியது. நானே கொண்டுவந்து கொடுத்துவிட்டால் என்ன என்று ஏரல் பஸ்ஸில் ஏறினேன். பெர்லினிடம் தபாலாபீசுக்கு என்று மட்டும் சொன்னேன். தோள்பையில் கல்யாணப் பத்திரிகை ஒன்று ஏற்கெனவே இருந்தது. சங்கீதப் புத்தகமும் இருந்தது. ஸ்ரீவைகுண்டம் தாண்டி, ரோடு குறுகுகிற இடத்தில் எதிரே வந்த ஒரு சாம்பல் நிறக் கார், பஸ்ஸை ஒதுங்கச் சொல்லி விடாமல் ஹாரன் அடித்தது. "வளர்ப்பு சரியில்லாதவன்" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன். அது நீங்கள் என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

அக்கா கதவைத் திறந்து, "வாங்க தம்பி. நீங்க இங்கன, அவுக அங்கன. பெர்லின் நேத்தே போன் பண்ணி அழுதா. ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்துட்டு, காலையில சாப்பிடாமக்கூட வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாவ" என்றாள். பத்திரிகையை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எங்கிட்ட எதுக்கு? அவுக கையில, ஜோடியா நின்னு குடுத்தாத்தான் அழைப்பு. உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

அப்போது பெர்லின் போன் செய்தாள்.

"எங்க இருக்கிய?"

"தபாலாபீசுல."

"தபாலாபீசுல கோழியா கூவுது?"

நான் போனைக் கையால் பொத்தினேன். "அண்ணன் வந்து பானெட்டைத் தொறந்துட்டான். ரேடியேட்டர் மூடியைக் காணோம்னு இஞ்சின் முழுக்கத் தேடுதான்" என்றாள். எப்படித் திறந்தார் என்று கேட்டேன். "நீங்க வந்தா காட்டுவானாம்" என்றாள். முதலில் உள்ளே கூட்டிப்போய்க் காபி கொடு என்றேன். "கூப்புட்டேன். மொறையா அழைக்காத வீட்டுப் படியேற மாட்டேங்கான். பச்சத்தண்ணி கூட வேண்டாமாம். ஜெமிமா தெருவுல குடை பிடிச்சுக்கிட்டு அவன்கூட நிக்கா" என்றாள். பிறகு, "மூடி எங்க?" என்றாள். சொன்னேன். போனை உங்களிடம் கொடுக்கப் பார்த்தாள், நீங்கள் வாங்கவில்லை போலிருக்கிறது. நல்லது. நேரில் பேச ஆரம்பித்தால் நாம் அசனப் பந்திக்குப் போய்விடுவோம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். அந்த வண்டியை எடுக்க முடியாது, அதன் மூடி என் பையில் இருக்கிறது. பானெட்டை மூட வேண்டாம், அது பாட்டுக்குத் திறந்து நிற்கட்டும். உங்கள் வண்டியிலேயே பெர்லினை ஏற்றிக்கொண்டு இங்கே வாருங்கள். அவளும் நானும் உங்கள் வீட்டில் ஜோடியாக நின்று, சங்கீதம் வாசித்து, ஜெபம் செய்து, பத்திரிகையை உங்கள் கையில் கொடுக்கிறோம். பிறகு எல்லோருமாகப் பாளையங்கோட்டைக்குப் போய் மூடியைப் போடுவோம். அக்கா இந்தக் கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்புகிறாள். முன்பக்கங்களை அனுப்ப வேண்டாம் என்றேன், அனுப்பிவிட்டாள். அவற்றைப் படிக்காமல் இந்தப் பக்கத்தை மட்டும் படிக்கவும். தயவுசெய்து இதையும் தபால் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா இலை போட்டு, சாளை மீன் குழம்பை ஊற்றி வைத்திருக்கிறாள். அழைக்க வந்தவன் அழைப்பதற்கு முன் எப்படிக் கை நனைப்பது? நீங்களும் அங்கே வெயிலில் வெறும் வயிற்றோடு நிற்கிறீர்கள். குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் வாருங்கள், மச்சான்.